வானத்து இருக்கையும் நிலத்துக் குரலும்: ‘ஏஸ் கொம்பட் 04’ – ஒரு மதிப்பீடு

1

வீடியோ விளையாட்டு ஒன்றினைக் கலை விமர்சனத்துக்கு உட்படுத்துவது தகுமா என்ற ஐயம் தமிழ்ச் சூழலில் எழுவது இயல்பே. புதிய கலைவடிவங்கள் பலவும் தாம் தோன்றிய காலத்தில் இத்தகைய ஐயத்தை எதிர்கொண்டே வந்துள்ளன. நாவல் வெறும் பொழுதுபோக்கு நூலாகவும், சினிமா கேளிக்கையாகவும் ஒதுக்கப்பட்ட காலங்கள் உண்டு. அவை எத்தகைய அனுபவத்தைத் தருகின்றன, உலகினை எங்கு நின்று காட்டுகின்றன என்ற வினாக்கள் எழுப்பப்பட்ட பின்னரே அவற்றுக்குரிய விமர்சனம் உருவாயிற்று. வீடியோ விளையாட்டையும் இவ்வினாக்களைக் கொண்டு அணுகுவதில் தவறில்லை.

நோக்குநிலை என்பது நாவல் விமர்சனத்தில் நன்கு பழகிப்போன ஒரு கருத்து. கதையை யார் சொல்கிறார், எங்கிருந்து சொல்கிறார் என்பது அக்கதை எதனைக் காணும், எதனைக் காணாது விடும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. விளையாட்டில் இது மேலும் அழுத்தம் பெறுகின்றது. நாவலைப் படிப்பவர் பாத்திரத்தின் செயலைப் பார்த்திருப்பவர். விளையாடுபவரோ அச்செயலைத் தம் கையால் நிகழ்த்துபவர். விமான விளையாட்டில் அவருக்கு அளிக்கப்படும் இடம் விமானியின் இருக்கை. அங்கிருந்து நோக்கும்போது வானம் விரிந்து கிடக்கின்றது. நிலம் வரைபடமாகச் சுருங்கிவிடுகின்றது. இவ்விருக்கையின் இன்பம் யாது, அதற்காக மறைக்கப்படுவது யாது என்பதே இவ்வகை விளையாட்டுகள் பற்றிய விமர்சனத்தின் அடிப்படை வினாவாதல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினா வெறும் கோட்பாட்டு வினா அன்று. வானத்தைக் கண்ணால் அறிவதற்கு முன் காதால் அறியக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை இங்கு வாழ்ந்தது. அதன் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக மாணவர்கள். விமான விளையாட்டுகளுள் சிறந்த ஒன்றாகப் பலராலும் போற்றப்படும் ‘ஏஸ் கொம்பட் 04’ என்னும் ஆக்கத்தை இப்பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

விமானம் ஓட்டும் அனுபவத்தைத் திரையில் தரும் முயற்சி கணினியில் தொடங்கியது. புரூஸ் ஆர்ட்விக் என்பார் ஆப்பிள் II கணினிக்கென உருவாக்கிய விமானப் பாவனை நிரல் 1979 அளவில் வெளிவந்தது. அதன் வழிவந்த வடிவத்தை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 1982இல் வெளியிட்டது. சில கோடுகளால் அமைந்த அடிவானமும், அசையும் முட்களைக் கொண்ட சில கருவிமுகங்களுமே அன்றைய ‘வானம்’. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளுக்கு இவ்வகை அனுபவத்தைக் கொண்டுவந்தவற்றுள் நின்ரென்டோ நிறுவனத்தின் ‘பைலற்விங்ஸ்’ முக்கியமானது. அது 1990 டிசெம்பரில் யப்பானில் வெளிவந்தது. இலகுரக விமானம் ஓட்டுதல், வான்குடையில் இறங்குதல், முதுகில் கட்டிய ரொக்கற்றால் பறத்தல், சறுக்கு இறகில் மிதத்தல் என்பன அதன் பாடங்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஆசிரியர் ஒருவர் புள்ளி வழங்குவார். போட்டியாளரும் பகைவரும் இல்லாத இவ்விளையாட்டிலும், பாடங்களில் தேறியவர் சிறைப்பட்டோரை மீட்கும் பொருட்டு விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கிடையே ஹெலிகொப்டர் ஓட்ட வேண்டியவராகின்றார். பறத்தல் பற்றிய கற்பனை போரை நோக்கி எவ்வளவு விரைவிற் சாய்ந்துவிடுகின்றது என்பதற்கு இது ஒரு சான்று.

அதே 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வடக்குக் கிழக்கில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கான மின்விநியோகம் அற்றுப்போயிற்று. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை ஆகிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும், போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட சிக்கன விளக்கின் ஒளியிற் படித்தும் ஒரு மாணவர் தலைமுறை வளர்ந்தது. வேறு நாடுகளின் சிறுவர் தொலைக்காட்சித் திரையில் விமானம் ஓட்டப் பழகிய அவ்வாண்டுகளில், இங்குள்ள சிறுவர் விமானத்தின் ஒலியைக் கேட்டுப் பதுங்கு குழிக்குள் இறங்கப் பழகினர். இவ்விரு பயிற்சிகளையும் ஒருசேர நினைவிற் கொள்ளாது ‘ஏஸ் கொம்பட் 04’ஐ இங்கிருந்து மதிப்பிடுதல் இயலாது.

3

நம்கோ நிறுவனம் ‘ஏஸ் கொம்பட்’ வரிசையை 1995இல் பிளேஸ்ரேஷன் கருவிக்கெனத் தொடங்கியது. அவ்வரிசையில் நான்காவதான இவ்விளையாட்டு, பிளேஸ்ரேஷன் 2 கருவிக்காக 2001 செப்ரெம்பர் 13 அன்று யப்பானில் வெளிவந்தது. ஐரோப்பியப் பதிப்பு 2002 பெப்ரவரியில் வேறு தலைப்புடன் கடைகளுக்கு வந்தது. இலங்கை அரசும் தமிழீழ விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையிற் கையொப்பமிட்டதும் அதே மாதத்தில்தான். புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நகரங்களில் இவ்விளையாட்டு விற்பனைக்கு வந்த வேளை, குடாநாட்டு வானம் சிறிது காலம் அமைதி கண்டிருந்தது.

இதன் கதை கற்பனை உலகொன்றில் நிகழ்வது. வானிலிருந்து விழவிருந்த விண்கல்லின் துண்டுகளைச் சுட்டு வீழ்த்துவதற்கென ‘ஸ்ரோன்ஹெஞ்’ என்னும் மாபெரும் பீரங்கித் தொகுதி அமைக்கப்படுகின்றது. எருசியா என்னும் நாடு அதனைக் கைப்பற்றி, விமானங்களை வீழ்த்தும் ஆயுதமாக மாற்றிக் கண்டத்தின் பெரும்பகுதியை ஆக்கிரமிக்கின்றது. விளையாடுபவர், அதனை எதிர்க்கும் நேச நாடுகளின் படையில் ‘மோபியஸ் 1’ என்ற அழைப்புப் பெயர் கொண்ட விமானி. பதினெட்டுப் பணிகளின் ஊடாக அவர் கண்டத்தை மீட்கின்றார். தொடக்கம் முதல் இறுதிவரை அவர் ஒரு வார்த்தையேனும் பேசுவதில்லை.

விளையாட்டு என்ற வகையில் இதன் சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது. இது விமானவியலை நுணுகிப் பின்பற்றும் பாவனை அன்று. உண்மையான போர்விமானம் ஏந்தக்கூடிய சில ஏவுகணைகளுக்குப் பதிலாக இங்கு பல பத்துக் கணக்கான ஏவுகணைகள் தரப்படுகின்றன. எளிதிற் புரிந்துகொள்ளத்தக்க சில விசைகளாலேயே விமானம் இயங்குகின்றது. ஆயின் பறத்தலின் உணர்வு மெய்யாகவே கைகூடியுள்ளது. கூர்ந்து திரும்பும்போது அடிவானம் சாய்ந்தெழுவதும், மேகத்தை ஊடறுத்து ஒளிக்குள் வெளிப்படுவதும், தாழப் பறக்கையில் கடலின் மினுக்கம் விரைந்து பின்செல்வதும் அக்காலக் கருவியொன்றிலிருந்து பெறப்பட்டவை என்பது வியப்புக்குரியது. வானொலியிற் குறுக்கிடும் குரல்கள் இவ்வனுபவத்துக்கு ஆழம் சேர்க்கின்றன. நேசப் படையினரின் குரலோடு எதிரிகளின் குரலும் கேட்கின்றது. ஆரம்பத்தில் மோபியஸ் 1ஐப் பொருட்படுத்தாத எதிரிகள், பணிகள் செல்லச் செல்ல அவரது சின்னத்தைக் கண்டதும் அஞ்சத் தொடங்குகின்றனர். விளையாடுபவரின் திறன் வளர்ந்துவருவதைப் பிறரது அச்சத்தின் மூலம் உணர்த்தும் இவ்வுத்தி கலைநயம் வாய்ந்தது.

இவ்வின்பம் எவ்வாறு கட்டமைக்கப்பட்டுள்ளது என்பது கவனத்துக்குரியது. திரையில் ஒவ்வோர் இலக்கும் சிறு சதுரத்தால் குறிக்கப்படும். ஏவுகணை பற்றிக்கொண்டதும் சதுரம் நிறம் மாறும். இலக்கு அழிந்ததும் புள்ளி சேரும். சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு மேலும் சிறந்த விமானங்களை வாங்கலாம். பல பணிகளில் குறித்த நேரத்துக்குள் குறித்த புள்ளித் தொகையை எட்டுவதே வெற்றி. பணி முடிந்ததும் பறந்த பாதை வரைபடத்திற் கோடாகக் காட்டப்படும். இலக்காக அமைந்தது துறைமுகமோ எரிபொருள் நிலையமோ பாசறையோ எதுவாயினும், அது சதுரமாகத் தோன்றி எண்ணாக மறைகின்றது. அங்கு மனிதர் இருந்தனரா என்ற வினாவுக்கு விளையாட்டின் இப்பகுதியில் இடமே இல்லை.

4

இவ்விளையாட்டு இத்துடன் நின்றிருக்குமாயின் இதுபற்றிப் பேசவேண்டிய தேவை பெரிதும் எழுந்திராது. ஆயின் பணிகளுக்கு இடையிடையே முற்றிலும் வேறான ஒரு கதை சொல்லப்படுகின்றது. அது அசையாத சித்திரங்களாலும் ஒருவரது குரலாலும் மட்டும் அமைந்தது. எருசியாவின் ஆக்கிரமிப்புக்கு உட்பட்ட சான் சல்வசியோன் நகரிற் சிறுவனாக வாழ்ந்த ஒருவர், போர் முடிந்து ஆண்டுகள் சென்றபின் மோபியஸ் 1க்கு எழுதும் கடிதமே அக்குரல்.

வான்சண்டையொன்றில் வீழ்த்தப்பட்ட விமானம் அச்சிறுவனின் வீட்டின் மீது விழுந்து குடும்பத்தவரைக் கொன்றுவிடுகின்றது. அதனை வீழ்த்திய விமானத்தில் மஞ்சள் நிறத்தில் 13 என்ற எண் எழுதப்பட்டிருந்ததைச் சிறுவன் காண்கின்றான். உறவினர் ஒருவரிடம் ஒதுங்கிய அவன், மதுச்சாலையொன்றில் மௌத் ஓர்கன் வாசித்துச் சில்லறை தேடுகின்றான். அம்மதுச்சாலைக்கு எருசிய விமானிகளின் அணியொன்று வந்துபோகின்றது. அதன் தலைவனே மஞ்சள் 13. கிற்றார் வாசிக்கும் அவன், சிறுவனின் இசையோடு தன் இசையையும் இணைக்கின்றான். பழிவாங்க எண்ணியிருந்த சிறுவன், தன்னையறியாமலே அவர்களிடையே ஒருவனாகி, அவர்கள் மீது அன்பு கொள்கின்றான். மதுச்சாலைக்காரரின் மகளோ இரகசியமாக எதிர்ப்பியக்கத்திற் பணிபுரிபவள். அவர்களது குண்டுவெடிப்பால் மாற்று உதிரிப்பாகங்கள் அழிந்துபோக, பழுதான இயந்திரத்துடன் பறக்க நேர்ந்த ‘மஞ்சள் 4’ என்னும் பெண் விமானி, ஸ்ரோன்ஹெஞ் மீதான தாக்குதலில் மோபியஸ் 1இன் கையால் மடிகின்றாள். அதாவது விளையாடுபவரின் கையால் மடிகின்றாள். ஒரு கட்டத்தில் சிறுவன் தன் நெஞ்சில் அடக்கிவைத்த வெறுப்பை மஞ்சள் 13இன் முகத்துக்கு எதிரே கொட்டிவிடுகின்றான். உண்மையை அறிந்துகொண்ட விமானி அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. இறுதியில் எருசியத் தலைநகர் மீதான போரில் மஞ்சள் 13உம் விளையாடுபவரால் வீழ்த்தப்படுகின்றான்.

இக்கதை விளையாட்டின் பொருளையே மாற்றிவிடுகின்றது. முந்திய பணியில் விளையாடுபவர் மகிழ்ந்து சேர்த்த புள்ளிகளுள் ஒன்று, அடுத்த சித்திரத்தில் ஒரு மதுச்சாலையின் வெறுமையான நாற்காலியாகத் திரும்பி வருகின்றது. வானம் அசைவுடையது, நிலம் அசைவற்றது. வானத்தில் விளையாடுபவரே செயலாற்றுகின்றார்; நிலத்தில் அவர் கேட்பதன்றி வேறொன்றும் செய்ய இயலாது. விசைகளிலிருந்து கை எடுக்கப்பட்டுக் காது மட்டும் விடப்படும் இந்நிலை, குண்டுவீச்சின் கீழ் வாழ்ந்தோரின் நிலையை ஓரளவு ஒத்தது. ஆக்கியோர் இதனைக் கருதியே அமைத்தனரா என்பது முக்கியமன்று. அமைப்பிலேயே இவ்வுண்மை பொதிந்துள்ளது.

5

இவ்விடத்தில் குடாநாட்டு அனுபவத்தை விளையாட்டோடு ஒப்பிடுதல் பொருத்தமாகும்.

இங்குள்ள மக்கள் விமானங்களுக்குத் தமது மொழியிற் பெயரிட்டனர். குண்டுவீசும் விமானம் ‘பொம்மர்’ ஆயிற்று. பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்ட சரக்கு விமானம் ‘சகடை’ எனப்பட்டது. பிற்காலத்தில் வன்னியில் ஆளில்லா வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயர் வழங்கிற்று. சகடை என்பது உருளும் வண்டியையும், வண்டு என்பது இடைவிடாத இரைச்சலையும் நினைவுக்குக் கொண்டுவருவன. இப்பெயர்கள் பொறியியல் அறிவால் இடப்பட்டவை அல்ல, கேட்டவர்களால் இடப்பட்டவை. விளையாடுபவர் விமானங்களை அவற்றின் வேகம், ஏந்தும் ஆயுதம், விலை என்பவற்றால் அறிகின்றார். பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பதுங்கு குழியில் இருந்தவர், ஒலியின் தன்மை, வரும் திசை, குழிக்குள் இறங்க எஞ்சியுள்ள நேரம் என்பவற்றால் அறிந்தார். ஒரே பொருளைப் பற்றிய இருவேறு அறிவுகள் இவை. இரண்டாவது அறிவை எந்த விமான விளையாட்டும் இதுவரை செம்மையாகப் பதிவுசெய்ததாகத் தெரியவில்லை. ‘ஏஸ் கொம்பட் 04’இன் சிறுவன்கூட விமானத்தைக் கண்டவனாகவே பேசுகின்றான்; கேட்டவனாக மிகச் சிறிதே பேசுகின்றான்.

ஸ்ரோன்ஹெஞ் பற்றிய கற்பனையோ இங்கு எளிதிற் புரிந்துகொள்ளப்படும். காப்பதற்கு அமைத்தது அழிப்பதற்குப் பயன்படுதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. எயர் சிலோன் நிறுவனத்தின் அவ்ரோ விமானங்கள் ஒருகாலத்தில் இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பயணிகளைச் சுமந்து வந்தன. போர்க்காலத்தில் அவ்வகை விமானமே விமானப் படையின் கையிற் குண்டு வீசவும் பயன்படுத்தப்பட்டது. மறுபுறம், 1987 யூன் 4 அன்று இந்திய விமானப் படையின் சரக்கு விமானங்கள், மிராஜ் போர்விமானங்களின் காவலுடன் வந்து, குடாநாட்டின் மீது உணவுப் பொதிகளை வீசின. ஒரே வானம் சில நாள் இடைவெளியில் குண்டையும் அரிசியையும் பொழிந்தது. இத்தகைய இருமை விளையாட்டின் வானத்தில் இல்லை. அங்கு வானம் வெற்றிக்கும் தோல்விக்கும் மட்டுமே உரிய களம்.

விளையாட்டில் பயணிகள் விமானங்கள் இரண்டினைக் காத்து அழைத்துச் செல்லும் பணி ஒன்று உண்டு. எருசியாவிலிருந்து தப்பிவரும் பொறியியலாளரும் அவர்தம் குடும்பத்தவரும் அவற்றில் உள்ளனர். திறமையுள்ளவர் அவர்களைக் காப்பாற்றிவிடலாம். தவறினால் மீண்டும் முயலலாம். 1998 செப்ரெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட பயணிகள் விமானம், ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளானதாகக் கருதப்படும் நிலையில், மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் தமிழர். மீண்டும் முயலும் வாய்ப்பு என்பது விளையாட்டின் இலக்கணம். அதனைக் குறையாகக் கூறுதல் பொருந்தாது. எனினும் அவ்வாய்ப்பு மனித உயிர் பற்றிய உணர்வை எங்கே மழுங்கச் செய்கின்றது என்பதைக் காட்டுதல் விமர்சனத்தின் கடமை.

6

இனி இவ்வாக்கத்தின் முக்கிய குறைபாட்டை நோக்கலாம். சிறுவனின் வீடு அழிந்தது எவ்வாறு? வீழ்த்தப்பட்ட விமானம் தற்செயலாக அதன் மீது விழுந்தமையால். கதை முழுவதன் அறமும் இத்தற்செயலின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. மஞ்சள் 13 கொன்றவன்தான். ஆயின் கொல்ல எண்ணியவன் அல்லன். ஆதலால் அவனை நேசித்தல் சிறுவனுக்கும் விளையாடுபவருக்கும் இயலுமாகின்றது. வீட்டின் மீது குண்டு வீசப்பட்டிருந்தால் இக்கதை இவ்வடிவிற் சொல்லப்பட்டிருக்க முடியாது.

இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த நவாலி புனித பேதுரு தேவாலயம் 1995 யூலை 9 அன்று குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 22 அன்று நாகர்கோவிலில் வீசப்பட்ட குண்டுகள் பாடசாலை மாணவரைக் கொன்றன. இந்நிகழ்ச்சிகளை அறிந்தவர் முன், ‘விமானியும் இசையை நேசிக்கும் மனிதனே’ என்ற செய்தியை மட்டும் வைத்தல் போதுமானதன்று. விமானி மனிதன் என்பதை எவரும் மறுக்கவில்லை. மனிதனாகிய அவன் அவ்வுயரத்திலிருந்து எதனைக் கண்டான், எதனைக் காண மறுத்தான் என்பதே கேள்வி. போர்விமானியின் வீரத்தை மையப்படுத்துவதன் மூலம் குண்டுவீசும் விமானியின் பொறுப்பு பற்றிய கேள்வியை இவ்விளையாட்டு தவிர்த்துவிடுகின்றது. இத்தனைக்கும் பல பணிகளில் விளையாடுபவர் நிலத்திலுள்ள இலக்குகளையே அழிக்கின்றார். அவ்விலக்குகளின் அருகே ஒரு சிறுவனும் வசிக்கவில்லை. சான் சல்வசியோன் நகரை மீட்கும் பணியில், கடிதம் எழுதியவர் வாழ்ந்த தெருக்களின் மேலேயே விளையாடுபவர் போரிடுகின்றார். அப்போதும் அவரது ஏவுகணை தவறி வீழும் வீடு எதுவும் கதைக்குள் வருவதில்லை.

கீழே உள்ளவரின் நிலை எந்தத் தரப்பினருக்கும் பொதுவானது என்பதும் மறக்கற்பாலதன்று. 2007 ஏப்ரலில் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் தெற்கே பறந்தபோது, கொழும்பு நகரின் மின்விளக்குகள் அணைக்கப்பட்டன. அங்குள்ள மக்களும் இருளில் வானத்தைக் கேட்டவாறு இருந்தனர். அவ்விரவின் அச்சத்தைக் குடாநாட்டு வாசகர் பிறர்க்குரியதென்று ஒதுக்கிவிட்டு, தமது அச்சத்தை மட்டும் இலக்கியமாக்க முனைவாராயின், அவரும் விமானியின் இருக்கையில் ஏறிக்கொண்டவரே ஆவர்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். விளையாட்டு என்பது இன்பத்துக்காக ஆக்கப்படும் வணிகப் பொருள்; அதனிடம் அறக்கணக்குக் கேட்பது மிகையல்லவா என்பதே அது. ஆயின் இக்கணக்கை வெளியிலிருந்து எவரும் சுமத்தவில்லை. சிறுவனின் கடிதத்தைத் தன்னுள் கொண்டுவந்ததன் மூலம் அதனைத் தொடக்கிவைத்தது இவ்விளையாட்டே. தொடக்கிய கணக்கை அது பாதியில் நிறுத்திவிட்டது என்பதே இங்கு கூறப்படும் குறை. கடிதத்தையே சேர்க்காத நூற்றுக்கணக்கான விமான விளையாட்டுகளைப் பற்றி இக்குறையைக்கூடக் கூற இயலாது.

7

தமிழ் இலக்கிய மரபு பறத்தலை எவ்வாறு கண்டுள்ளது என்பதும் ஈண்டு ஒப்புநோக்கற்குரியது. புறநானூற்றுப் பாடலொன்று, பாகன் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தியைப் புகழோடு வாழ்ந்தோர் மறுமையில் எய்தும் பேறாகக் குறிப்பிடுகின்றது. காப்பியங்களில் இந்நிலை மாறுகின்றது. மணிமேகலை முதன்முறை தன் விருப்பினாற் பறந்தவள் அல்லள். உறக்கத்தில் தெய்வத்தால் எடுத்துச் செல்லப்பட்டு மணிபல்லவத்தில் விழித்தெழுந்தவள். குடாநாட்டை அடுத்துள்ள நயினாதீவே மணிபல்லவம் என்பாரும் உளர். சீவக சிந்தாமணியில் மயிற்பொறியில் ஏறிய விசயை, நிறைசூலியாய்த் தப்பியோடிய அரசி. அப்பொறி அவளைச் சேர்த்தது சுடுகாட்டில். இவ்விரு காப்பியங்களும் பறத்தலை வெற்றியின் அடையாளமாக அன்றி, இடம்பெயர்வின் வடிவமாகக் காண்கின்றன. பறப்பவளின் வேகத்தைவிட அவள் இறங்கும் இடமே அங்கு முதன்மை பெறுகின்றது. இம்மரபிற் பயின்றவர் விமான விளையாட்டொன்றிடம் ‘எங்கே இறங்குகின்றாய்?’ என்று கேட்பது முறையே.

‘ஏஸ் கொம்பட் 04’இன் இடைக்கதையை ஆக்கியவருக்கும் இவ்வினா ஓயவில்லை போலும். அச்சித்திரக் கதைக்குப் பொறுப்பாக இருந்த சுனாவோ கட்டபுச்சி, பின்னர் ‘இந்த உலகின் ஒரு மூலையில்’ என்னும் உயிரூட்டுத் திரைப்படத்தை 2016இல் இயக்கினார். புமியோ கோனோவின் சித்திரக் கதையைத் தழுவிய அப்படம், இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டுகளில் யப்பானின் குரே என்னும் கடற்படைத் துறைமுக நகரில் வாழ்ந்த சுசு என்ற இளம் பெண்ணின் கதை. அவள் சமைக்கின்றாள், பங்கீட்டு வரிசையில் நிற்கின்றாள், படம் வரைகின்றாள். விமானங்கள் உயரே வருகின்றன. காலந்தாழ்த்தி வெடித்த குண்டொன்றில் கையைப் பிடித்து அழைத்துவந்த சிறுமியையும், தான் வரையும் வலது கையையும் அவள் இழக்கின்றாள். விமானியின் முகம் அங்கு அறியப்படுவதில்லை. அவன் நல்லவனா தீயவனா என்ற வினாவும் எழுவதில்லை. விளையாட்டில் இடைவேளைச் சித்திரமாக ஒதுக்கப்பட்டிருந்த நிலம், திரைப்படத்தில் கதை முழுவதுமாக விரிந்துவிட்டது. 2001இல் பாதியில் நின்ற கணக்கு 2016இல் வேறொரு கலைவடிவத்தில் தொடரப்பட்டது எனக் கொள்ளலாம். இதனால் விளையாட்டு என்னும் வடிவம் இயல்பிலேயே இதற்குத் தகுதியற்றது என்று முடிவுகட்டுதல் தவறு. இருக்கையையும் நிலத்தையும் இடைவேளையாற் பிரிக்காது ஒரே அசைவில் இணைக்கும் விளையாட்டு இன்னும் ஆக்கப்படவில்லை என்பதே இதன் பொருள்.

8

தொகுத்து நோக்குமிடத்து, ‘ஏஸ் கொம்பட் 04’ தன் வகையைச் சார்ந்த ஆக்கங்களுள் உயர்ந்த இடத்துக்குரியது. பறத்தலின் இன்பத்தை முழுமையாகத் தந்ததோடு, அவ்வின்பத்துக்கு யாரோ ஒருவர் கீழே விலை கொடுக்கின்றார் என்பதையும் சொல்ல முற்பட்டது. வென்றவனுக்கு, வெல்லப்பட்டவனை நேசித்த ஒருவர் எழுதும் கடிதம் என்ற அதன் கற்பனை பழிக்கும் வெறிக்கும் இடம் கொடாதது. அதன் குறைபாடோ, கீழே இருந்தவருள் மன்னிக்க இயன்ற ஒருவரை மட்டும் தெரிந்தெடுத்துப் பேசவைத்தமையாகும்.

இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றைய மாணவருக்கு முன்னெப்போதையும்விட அவசியமாகின்றது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெருந்தொற்றால் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீளத் தொடங்கிற்று. பதுங்கு குழியை நேரிற் கண்டிராத இளைஞர் இன்று விமானச் சாளரத்தினூடே குடாநாட்டைக் காண்கின்றனர். பனைகளும் தோட்டங்களும் களப்பும் அழகிய வரைபடமாகக் கீழே விரிகின்றன. வீட்டில் விளையாட்டுக் கருவியை இயக்கும்போதும் அவர்களுக்குக் கிடைப்பது அதே காட்சி. அவ்வழகை அனுபவிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆயின் அதே காட்சியைத் தலைகீழாக, மண்ணிலிருந்து அறிந்தவர்கள் இன்னும் அவர்களது வீடுகளிலேயே இருக்கின்றனர். தாயும் தந்தையும் பாட்டியும் அறிந்துவைத்துள்ள அவ்வொலிகளும் அவர்கள் இட்ட பெயர்களும், இரவுகளைக் கழித்த முறைகளும் எழுத்தில் முறையாகத் தொகுக்கப்படுமாயின், கடிதம் எழுதிய அச்சிறுவனால் சொல்லப்படாத மறுபாதி தமிழிற் கிடைக்கும். அத்தொகுப்பு வேறெங்கிருந்தும் வரப்போவதில்லை.